பட்டி நாயும் ஜாதி நாயும்

ஜாதி நாய் என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொல்லில் மூன்று வேறு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கட்டிப் போடப்பட்டிருக்கின்றன. நாயின் உருவம் ஒன்று. அதன் வம்சம் ஒன்று. அது செய்கிற வேலை ஒன்று. மூன்றும் எப்பொழுதும் சேர்ந்தே இருக்கும் என்று நம்பித்தான் நாய் வாங்குகிறவர்கள் வாங்குகிறார்கள், விற்கிறவர்கள் விற்கிறார்கள், நாயைப் பற்றி எழுதுகிறவர்களும் பெரும்பாலும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். மூன்றும் சேர்ந்திருக்கலாம், சேராமலும் போகலாம். சேராத இடத்தில் எதைக் காப்பது, எதை விடுவது என்பதுதான் கேள்வி. அதை நேராக எடுத்துக்கொண்ட எழுத்து நம்மிடையே மிகவும் குறைவு என்பது என் அபிப்பிராயம்.

நாட்டு நாய்களைப் பற்றிய உற்சாகத்துக்கு இப்பொழுது குறைவில்லை. 2005 ஜனவரியில் தபால் இலாகா நான்கு இந்திய நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டது. ராஜபாளையம் அவற்றில் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம்முடைய வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் பெயராகச் சொல்லிப் பாராட்டினார். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் கர்நாடகத்து முதோள் நாயையும் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. இந்த உற்சாகத்துக்கு அறிவு சார்ந்த ஓர் அடிப்படையைத் தேடித் தந்தவர் என்று தியடோர் பாஸ்கரனைச் சொல்ல வேண்டும். 1940இல் தாராபுரத்தில் பிறந்தவர். தபால் இலாகாவில் உயர்ந்த பதவி வகித்தவர். தமிழ் சினிமாவைப் பற்றியும் காட்டுயிர்களைப் பற்றியும் நிறைய எழுதியவர். இந்திய நாய்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 2017இல் வெளிவந்தது. 1963இல் சோமன் எழுதிய நூலுக்குப் பிறகு, அரை நூற்றாண்டுக்கு மேல், இந்த விஷயத்தில் ஒரு முழுமையான புஸ்தகம் இல்லாதிருந்த குறையை அது தீர்த்தது. சுமார் 25 இனங்களைப் பற்றிச் சொல்லுகிற அந்த நூல், நம் நாய்களை நாமே மதிக்காமல் விட்டுவிட்டோமே என்ற வருத்தத்திலிருந்து பிறந்தது.

அந்த வருத்தம் நியாயமானது. இருந்தாலும் இனம் இனமாகப் பிரித்து எழுதுகிற எந்த நூலுக்கும் ஒரு சங்கடம் உண்டு. பெயர் இருந்தால்தான் ஓர் அத்தியாயம் கிடைக்கும். படிக்கிறவனும் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். ஆசிரியர் வரலாறு சொல்கிறார், வேட்டை சொல்கிறார், ஆட்டு மந்தை சொல்கிறார். வாசகனோ மூக்கு சிவப்பா, வால் எப்படி வளைகிறது, மார்பு எத்தனை ஆழம் என்பதோடு நின்றுவிடுகிறான். தூய ரத்தம் என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது. இதற்கு நூலாசிரியரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் விமர்சனம் என்று வந்தால், நூல் எங்கே முடிகிறதோ அதற்கு அப்பாலும் ஓர் அடி எடுத்து வைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

பெயரில்லாத ஒரு நாயை வைத்துக்கொண்டு பார்க்கலாம். எங்கள் திருப்பூர் ஜில்லாவில் காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கங்களில் மானாவாரி நிலத்தைக் கொறங்காடாக விட்டிருப்பார்கள். சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும். ஆடும் மாடும் அந்த வேலிக்குள்ளேயே மேயும். பொழுது சாய்ந்ததும் ஆடுகளைப் பட்டியில் அடைப்பார்கள். பட்டிக்கு ஒரு நாய் இருக்கும். செவலையோ கருப்போ புள்ளியோ, எந்த நிறமாகவும் இருக்கும். அதற்கு இனப் பெயர் கிடையாது. மணி என்றோ கருப்பன் என்றோ கூப்பிடுகிற பெயர்தான் உண்டு.

அதனிடம் எதிர்பார்க்கிற வேலையைக் கணக்கெடுத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அந்நியன் வந்தால் குரைக்க வேண்டும். ஆனால் குரைத்துக்கொண்டே காத தூரம் துரத்திப் போய்ப் பட்டியை அநாதையாக விட்டுவிடக் கூடாது. குட்டி போட்ட ஆட்டின் பக்கத்தில் நின்றாலும் வாயை அடக்க வேண்டும். சந்தையிலிருந்து வந்த புது ஆட்டையும் நம்முடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆடு மிரண்டு ஓடும்போது கூடவே ஓட வேண்டும் என்ற ஆசை எந்த நாய்க்கும் வரும். அது இந்த நாய்க்கு வரக் கூடாது. போட்ட கூழைக் குடித்துவிட்டு, யாரும் பார்க்காத நேரத்திலும், மழையிலும் பனியிலும் அங்கேயே கிடக்க வேண்டும். இதில் எது ரத்தத்தில் வருகிறது, எது வளர்ப்பில் வருகிறது?

குட்டி தேர்ந்தெடுக்கிற குடியானவர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். பிடரியைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார். கத்துகிற குட்டியைக் கீழே போட்டுவிடுவார். கால் நகங்களை எண்ணுவார். அதன் தகப்பன் எந்தத் தோட்டத்து நாய் என்று விசாரிப்பார். இந்தப் பரீட்சைகளில் பாதி நம்பிக்கை, பாதி அநுபவம். ரத்தத்தில் ஏதோ வருகிறது என்று அவர் நினைப்பது தவறல்ல. எது வருகிறது, யாரிடமிருந்து வருகிறது என்பதில்தான் கோளாறு.

நாய் வளர்ப்பின் வரலாற்றில் 1873 ஒரு விசேஷமான ஆண்டு. அந்த ஆண்டில் லண்டனில் கென்னல் கிளப் ஸ்தாபிக்கப்பட்டது. உருவ லட்சணங்களை எழுதி வைத்து, வம்சாவளி ஏட்டை மூடி வைத்து, ஏட்டில் உள்ளவற்றுக்குள்ளேயே ஜோடி சேர்ப்பது என்ற வழக்கம் அந்த ஸ்தாபனத்தின் வழியாகத்தான் உலகமெங்கும் பரவியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப்பும் அந்த மரபில் வந்ததே. அதே 1873இல் வேல்ஸ் நாட்டில் பாலா என்ற ஊரில் மேய்ச்சல் நாய்களுக்கு ஒரு பந்தயம் நடத்தினார்கள். அங்கே யாரும் நாயின் காதை அளக்கவில்லை. ஆடுகளை மலைச் சரிவிலிருந்து இறக்கிக்கொண்டு வருகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். இரண்டு பாதைகளும் ஒரே ஆண்டில் பிரிந்தன என்று சொல்லலாம். ஒன்று உருவத்தைப் பார்த்து வம்சத்தைக் காத்தது. மற்றொன்று வேலையைப் பார்த்து வம்சத்தைக் காத்தது.

வேலையைப் பார்த்தவர்களும் ரத்தத்தை நம்பினார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. இங்கிலாந்தின் வடக்கு எல்லையில் ஆடம் டெல்ஃபர் என்ற குடியானவரிடம் 1893இல் ஹெம்ப் என்ற ஒரு கடுவன் பிறந்தது. தகப்பன் ராய், சாதுவான, வெகுளியான நாய். தாய் மெக், மனிதரைக் கண்டால் ஒதுங்குகிற கூச்ச சுபாவம். ஆனால் ஆட்டை உற்றுப் பார்த்தே நிறுத்திவிடுகிற கண். இரண்டும் மகனிடத்தில் அளவாகச் சேர்ந்தன. ஹெம்ப் 1901இல் இறந்தது. இன்று உலகத்தில் உள்ள பார்டர் கோலி நாய்களில் மிகப் பெரும்பாலானவற்றின் வம்சத்தைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டு போனால் ஹெம்பிடம் போய் முட்டுகிறது. 1906இல் ஏற்பட்ட சர்வதேச மேய்ச்சல் நாய்ச் சங்கம் வம்சாவளி ஏடு வைத்திருக்கிறது. ஆனால் ஏட்டுக்கு ஒரு பக்கக் கதவும் வைத்திருக்கிறது. ஏட்டில் இல்லாத தாய் தகப்பனுக்குப் பிறந்த நாயானாலும், வேலையில் தேறினால், தகுதியின் பேரில் ஏட்டில் ஏறலாம். 1995இல் அமெரிக்கக் கென்னல் கிளப் பார்டர் கோலியைத் தன் இனங்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டபோது, சந்தோஷப்பட வேண்டியவர்களான மேய்ச்சல்காரர்களே அதை எதிர்த்தார்கள். உருவத்துக்குப் பரிசு கொடுக்க ஆரம்பித்தால் கண் போய்விடும் என்பது அவர்கள் பயம்.

அமெரிக்காவின் தென் பகுதிக் குடியானவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஆங்கிலத்தில் கர் என்றால் கலப்பட நாய், கேவலமான நாய் என்று அர்த்தம். மனிதனைத் திட்டுவதற்கும் அந்தச் சொல் உதவும். அவர்களோ தங்கள் வேலைக்கார நாய்களுக்கு அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள். காட்டு மாட்டைத் திருப்பும், பன்றியை வளைத்துக்கொள்ளும், வீட்டு வாசலைக் காக்கும் நாய். அதற்கு மலை கர், கருவாய் கர் என்று பெயர். கருவாய் கர் என்பதைக் கேட்டதும் நமக்குச் சிரிப்பு வரும். கோம்பை நாயை நம் ஊர்களில் கருவாய்ச் செவலை என்றுதானே சொல்கிறோம்! மேனி செம்பட்டை, முகம் கருப்பு. இரண்டுக்கும் வருணனை ஒன்றே. ஆனால் அதனால் இரண்டும் உறவு என்று கிளம்பிவிட முடியாது. நாயின் முகத்துக் கருமை ஒரே ஒரு மரபணுவின் காரியம். தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், முகம் கருத்துவிடும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எத்தனையோ இனங்களில் அது இருக்கிறது. காவல் காக்கிற குணமோ அப்படி ஒரே மரபணுவில் அடங்குகிற விஷயமல்ல. நிறம் சுலபமாக இறங்கும். குணம் அவ்வளவு சுலபமாக இறங்காது. சுலபமாக இறங்குவதை வைத்துக் கஷ்டமானதை எடை போடுவதுதான் நாம் செய்கிற முதல் பிழை.

நாவலாசிரியர்கள் இந்தப் பிழைக்குத் தூபம் போட்டிருக்கிறார்கள். ஜாக் லண்டன் 1903இல் எழுதிய கானகத்தின் அழைப்பு நாவலில் பக் என்ற நாய் செயின்ட் பெர்னார்ட் தகப்பனுக்கும் ஸ்காட்லாந்து மேய்ச்சல் நாயான தாய்க்கும் பிறந்தது. கலிபோர்னியாவில் ஒரு நீதிபதியின் வீட்டில் சொகுசாக வளர்ந்த அதை வடக்கே பனிப் பிரதேசத்துக்குத் திருடிக்கொண்டு போய் வண்டி இழுக்க விடுகிறார்கள். அங்கே அதன் ரத்தத்தில் உறங்கிக் கிடந்த ஆதிகாலத்து மூதாதைகள் விழித்துக்கொள்கிறார்கள் என்று லண்டன் பக்கம் பக்கமாக எழுதுகிறார். படிக்கும்போது மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் அவர் கருத்தைச் சொல்லாமல் சம்பவத்தைச் சொல்லுகிற இடங்களைக் கவனியுங்கள். பனிக்கு அடியில் குழி பறித்துத் தூங்க வேண்டும் என்று பக்குக்கு எந்த மூதாதையும் சொல்லித் தரவில்லை. கூட இருந்த நாய் ஒன்று அப்படித் தூங்குவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. சேணத்தில் நடக்கக் கற்றுக்கொள்வதற்காகத் தேர்ந்த இரண்டு நாய்களுக்கு நடுவே அதைக் கட்டுகிறார்கள். லண்டனின் கொள்கை ரத்தத்தைப் பேசுகிறது. லண்டனின் கலை பழக்கத்தைக் காட்டுகிறது. நல்ல எழுத்தாளன் தன் கொள்கையை மீறி உண்மையைச் சொல்லிவிடுவதற்கு இது ஓர் உதாரணம்.

இதற்கு மாறாக ஃப்ரெட் கிப்சன் 1956இல் எழுதிய ஓல்ட் யெல்லர் என்ற சின்ன நாவலில் வருகிற மஞ்சள் நிறக் கர் நாய்க்கு வம்சமே கிடையாது. எங்கிருந்தோ வந்து இறைச்சியைத் திருடிக்கொண்டே அறிமுகமாகிறது. பிறகு சோளக் காட்டைக் காக்கிறது, கரடியிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றுகிறது. ஓநாயுடன் சண்டையிட்டு வெறிநோய் கண்டபோது, அதை வளர்த்த பையனே சுட வேண்டி வருகிறது. கடைசியில் அதன் குட்டி ஒன்று ரொட்டியைத் திருடுகிறது. அப்பன் பிள்ளைதான் என்று பையன் மனம் தேறுகிறான். பரம்பரையைப் பற்றிக் கிப்சன் சொல்வது அவ்வளவுதான்; ஒரு சிரிப்போடு சொல்லி விட்டுவிடுகிறார். அந்தக் குட்டி கரடியை எதிர்க்குமா என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. எனக்கு லண்டனைவிட இவரிடம்தான் நாயைத் தெரிந்த ஒரு குடியானவனின் நிதானம் தெரிகிறது.

பரம்பரையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் டார்வின் பெயரைச் சொல்லுவார்கள். அந்த டார்வின் பீகிள் கப்பலில் போனபோது, 1833இல், இன்றைய உருகுவே நாட்டுப் புல்வெளிகளில் ஒரு காட்சியைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார். வீட்டிலிருந்து மைல் கணக்கான தூரத்தில் பெரிய ஆட்டு மந்தை ஒன்றை ஒரு நாயோ இரண்டு நாயோ காத்துக்கொண்டிருக்கும். மனிதன் பக்கத்தில் இல்லை. இது எப்படி என்று அவர் விசாரித்தார். விசேஷ இனம் எதுவும் இல்லை. மிகச் சிறிய பருவத்திலேயே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, ஆட்டிடம் பால் குடிக்கப் பழக்கி, பட்டிக்குள்ளேயே ஆட்டு ரோமத்தில் ஒரு படுக்கை செய்து, மற்ற நாய்களோடும் குழந்தைகளோடும் சேரவிடாமல் வளர்ப்பார்களாம். பெரியதானதும் அது மந்தையைத் தன் கூட்டமாக எண்ணிக் காக்கிறது. ரத்தத்தின் மகிமையை உலகுக்கு விளக்கிய மனிதர், தொட்டிலின் மகிமையையும் தம் நோட்டில் குறித்துக்கொண்டார்.

பின்னால் வந்த ஆராய்ச்சியும் இதை ஒட்டியே போயிற்று. அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் ஐந்து இன நாய்களை வைத்துப் பல ஆண்டுகள் பரிசோதித்து 1965இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைக்கும் குட்டி யாரோடு பழகுகிறதோ அவர்களையே தன் இனம் என்று எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் கண்ட விஷயங்களில் ஒன்று. 1970களில் ரேமண்ட் காப்பிங்கர் ஐரோப்பாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் காவல் நாய்களைக் கொண்டுவந்து அமெரிக்க ஆட்டுப் பண்ணைகளில் வளர்த்துப் பார்த்தார். ஆடுகளுக்கு நடுவே வளர்ந்தவை தேறின. ஆனால் ரத்தத்துக்குப் பங்கே இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டினால் அதுவும் தவறு. உற்றுப் பார்ப்பதும் பதுங்குவதும் துரத்துவதும் மேய்ச்சல் நாயின் பிறவிக் குணம். காவல் நாய்க்கு அது மந்தமாக இருக்க வேண்டும். பார்டர் கோலியை ஆட்டுப் பால் கொடுத்து வளர்த்தாலும் அது துரத்தத்தான் பார்க்கும். ரத்தம் ஒரு சாய்வைக் கொடுக்கிறது; அந்தச் சாய்வை வேலையாக்குவது வளர்ப்பு.

இனப் பெயரை வைத்துத் தனி நாயின் குணத்தை எவ்வளவு சொல்ல முடியும் என்பதற்கும் இப்பொழுது ஒரு கணக்கு இருக்கிறது. 18,000க்கு மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு, அவற்றில் 2,000க்கு மேற்பட்டவற்றின் மரபணுக்களையும் படித்து, 2022இல் சயன்ஸ் பத்திரிகையில் வெளியிட்டார்கள். நாய்க்கு நாய் குணத்தில் காணும் வேற்றுமையில் இனம் என்பது விளக்குவது சுமார் 9 சதவிகிதம். குணம் பரம்பரையாக வருவதில்லை என்று அந்த ஆராய்ச்சி சொல்லவில்லை. வருகிறது என்றே சொல்லுகிறது. ஆனால் அது இனத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை; தாய் தகப்பனோடு வருகிறது. ஆகவே குட்டியைப் பார்க்கப் போகிறவன் இது என்ன ஜாதி என்று கேட்பதைவிட, இதன் தாய் என்ன வேலை செய்கிறது என்று கேட்பது நல்லது.

தூய ரத்தம் என்ற ஆசை வெறும் வீண் பேச்சோடு நின்றால் பாதகமில்லை. அது நாயின் உடம்பில் போய் விடிகிறது. தகப்பனை மகளோடு ஜோடி சேர்த்தால், குட்டியின் மரபணு ஜோடிகளில் சராசரியாக நாலில் ஒரு பங்கு, ஒரே மூதாதையின் ஒரே சரக்கின் இரண்டு நகல்களாக இருக்கும். மறைந்து கிடந்த ஊனம் அப்படித்தான் வெளியே வரும். மறுபக்கம், ஐந்து தலைமுறைக்கு முந்திய ஒரு மகா வேட்டை நாயின் பெயரைச் சொல்லி விலை ஏற்றுகிறார்களே, அதன் பங்கு குட்டியிடம் சராசரியாக 32இல் ஒன்றுதான். டால்மேஷன் என்ற புள்ளி நாய் இனத்தில் சிறுநீர்க் கல் உண்டாக்கும் ஒரு கோளாறு இனம் முழுவதற்கும் பரவிவிட்டது. அதைத் திருத்துவதற்கு நல்ல மரபணு அந்த ஏட்டுக்குள் எங்குமே இல்லை. 1973இல் ஒரு மரபியல் நிபுணர் பாயின்டர் நாய் ஒன்றை ஒரே ஒரு முறை சேர்த்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடேயே இணைத்து, கோளாறு இல்லாத வம்சத்தை உண்டாக்கினார். பார்வைக்கு அவை அசல் டால்மேஷன்களே. ஆனாலும் அமெரிக்கக் கென்னல் கிளப் 2011இல்தான் அவற்றை ஏற்றுக்கொண்டது. கலப்பு என்ற சொல்லின் மேல் அவ்வளவு பயம்.

நம் வீட்டு உதாரணம் ராஜபாளையம். பால் வெள்ளையும் ரோஜா நிற மூக்கும்தான் உயர்ந்தது என்று வைத்துவிட்டோம். செவிட்டுக் குட்டிகள் பிறப்பது அந்த இனத்தை வளர்ப்பவர்கள் எல்லோரும் அறிந்த சமாசாரம். நாய்களில் மேனிக்கு நிறம் கொடுக்கும் உயிரணுக்கள் உட்செவியிலும் இருந்தாக வேண்டும். அங்கே அவை இல்லாமல் போனால், பிறந்த சில வாரங்களுக்குள் கேட்கும் சக்தி அழிந்துவிடும். வெள்ளை மேனிக்கும் செவிட்டுக்கும் உள்ள சம்பந்தம் இது. காவலுக்கென்று ஒரு நாயை வளர்த்து, அழகுக்கென்று அதைத் தேர்ந்தெடுத்து, கடைசியில் திருடன் வரும் சப்தம் கேட்காத நாயைப் பெற்றுக்கொண்டு ஜாதி நாய் என்று பெருமைப்படுகிறோம்.

இனி பட்டிக்குத் திரும்பலாம். எங்கள் பக்கத்தில் குட்டி கேட்டு வருகிறவர்கள் கடுவன் குட்டியைத்தான் கேட்பார்கள். பெட்டைக் குட்டி வேண்டாம். வருஷம் இரண்டு முறை ஈன்று தொல்லை கொடுக்கும் என்பது கணக்கு. ஆகவே பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு போய்ச் சந்தைப் பக்கத்திலோ ஊர்க் கோடியிலோ விட்டுவிட்டு வருகிறார்கள். ரத்தம் ரத்தம் என்று பேசுகிறவர்கள் பாதி ரத்தத்தைச் சாக்கில் கட்டி எறிகிறார்கள் என்பது யாருக்கும் உறைப்பதில்லை. ஹெம்புக்குக் கண்ணைக் கொடுத்தது தாய் மெக் என்பதை நினைத்துப் பாருங்கள். எறியப்பட்ட குட்டிகளில் பிழைத்தவை சாலையோரத்துக் கோழிக் கழிவைத் தின்று வளர்ந்து, கூட்டம் சேர்ந்து, ஈன்று பெருகுகின்றன. 2024, 2025 ஆண்டுகளில் காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்துச் செய்திகளைப் படித்தவர்களுக்கு மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. தெருநாய்கள் இரவில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறின. குடியானவர்கள் செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு உட்கார்ந்து நஷ்ட ஈடு கேட்டார்கள். பட்டிக்கு உள்ளே நின்று குரைக்கிற நாயும், வேலிக்கு வெளியே இருந்து பாய்கிற நாயும் ஒரே ஈற்றில் பிறந்தவையாகக்கூட இருக்கலாம். ஒன்றைக் கூழ் ஊற்றி ஆட்டுக்கு நடுவே வளர்த்தோம். மற்றொன்றைச் சாக்கில் கட்டினோம். இந்த இடத்தில் ரத்தத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

நாயைக் காக்க வேண்டும் என்கிறவர்கள் காங்கயம் மாட்டின் கதையைப் படிக்க வேண்டும். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் அந்த இனத்தைப் பேணியதற்குப் பெயர் பெற்றவர்கள். அந்தப் பேணுதலுக்கு அடியில் ஒரு தேவை இருந்தது. கவலை இறைக்கவும் பார வண்டி இழுக்கவும் காளை வேண்டும். இழுக்காத காளையின் வம்சம் தானாகவே நின்றுவிடும். கிணற்றில் மின்சார மோட்டார் வந்தது, வயலில் டிராக்டர் வந்தது, காளை குறைந்தது. லட்சணம் குறைந்ததால் அல்ல, வேலை குறைந்ததால். நாயின் கதையும் அதுவே. 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டமும் 1991இல் வந்த திருத்தமும் வேட்டையைக் குற்றமாக்கின. அது சரியான காரியமே. ஆனால் சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் ஓடுவதற்கு முயல் இல்லை. ஆட்டுக்காரன் பிள்ளை பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். பட்டியில் படுக்க ஆள் இல்லை. குட்டியைப் பழக்கவும் ஆள் இல்லை. சென்னை சைதாப்பேட்டையில் சர்க்கார் நாட்டு நாய்களுக்கென்று ஓர் இனப்பெருக்க நிலையம் நடத்தியது. 2019இல் உயர் நீதிமன்றம் அதை மூடச் சொல்லிவிட்டது. கூண்டில் வைத்து உருவத்தைக் காப்பாற்றலாம். ஓடாத சிப்பிப்பாறையும் பட்டியைப் பார்க்காத காவல் நாயும் நாலு தலைமுறையில் என்ன ஆகும் என்று கூண்டு சொல்லாது. ஏனென்றால் தகுதியில்லாததைத் தள்ளிவிடுகிற வேலை அங்கே இல்லை.

ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். தெருவில் திரிகிற இந்திய நாயைக் குறிப்பதற்கு ஆங்கிலேயன் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டான். அது நம் தமிழ் நாட்டு மக்களில் ஒரு பகுதியினரின் ஜாதிப் பெயர். நூறு வருஷங்களுக்கு மேலாக ஆங்கில அகராதிகளில் அந்தப் பெயர் நாயின் தலையில் நின்றது; சொல்லைக் கொடுத்தவர்கள் நாம்தான். இன்று படித்தவர்கள் அதை விட்டுவிட்டு இந்திய நாட்டு நாய் என்று சொல்கிறார்கள், நல்லதே. ஆனால் ஜாதி நாய் என்கிற மற்ற சொல் அப்படியே இருக்கிறது. பிறப்பைக் கேட்டு ஆளை எடை போடுகிற பழக்கம் உள்ள ஊரில், நாயையும் அப்படியே எடை போடுவது ஆச்சரியமல்ல. நாயின் தூய ரத்தத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்களின் பேச்சைச் சற்று நேரம் கேட்டால், பேச்சு நாயை விட்டுக் கிளம்பி எங்கே போய் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். மனிதரைப் பற்றி நேராகச் சொல்லக் கூசுவதை நாயைச் சாக்கிட்டுச் சொல்கிறார்கள். நாய் வளர்ப்பின் அநுபவமோ அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

வம்சாவளியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வேண்டும், எழுதியே வைக்க வேண்டும். எந்தத் தோட்டத்துப் பெட்டை, எந்தப் பட்டியில் எத்தனை வருஷம் நின்றது, ஆட்டைக் கடித்ததா, குட்டிகளில் எத்தனை தேறின, எது செவிடு என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் குடியானவர்கள் எழுதி வைத்தால், நாலைந்து வருஷத்தில் ஒரு பட்டி நாய் ஏடு கிடைத்துவிடும். மேய்ச்சல் நாய்ச் சங்கத்தார் வைத்ததைப் போல அதற்கும் ஒரு பக்கக் கதவு வேண்டும். பெயர் தெரியாத பெட்டையானாலும் வேலையில் தேறினால் உள்ளே வரட்டும். ஏட்டில் ஏறாத பெட்டைக்குக் கருத்தடை செய்து வீட்டோடு வைத்துக்கொள்ளட்டும்; சாக்கு வேண்டாம். கால்நடை மருத்துவமனைகளும் பஞ்சாயத்துகளும் மனம் வைத்தால் இது பெரிய செலவில்லை.

இப்படி ஓர் ஏடு உண்டானால், அடுத்து நாயினங்களைப் பற்றி நூல் எழுதுகிறவருக்கு ஓர் அத்தியாயம் கூடுதலாகக் கிடைக்கும். அந்த அத்தியாயத்தில் மூக்கின் நிறம் கடைசியில் வந்தால் போதும்.